விடு பிழை: உணவகத்தில் புதுமையை அளக்க வருகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருக்கிறவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

எம்.பி.ஏ., பிஎச்.டி. என்று மேற்படிப்பில் இருக்கும் என் பழைய மாணவர்கள் அவ்வப்போது ஆய்வுக் கேள்வித்தாளை அனுப்பி, "சார், தமிழ் சரியா இருக்கா பாருங்க" என்று கேட்பதுண்டு. இந்த வருடம் வந்ததில் மூன்று தாள்களுக்கு ஏறத்தாழ ஒரே தலைப்பு: சேவைத் தொழில்களிலும் உணவகங்களிலும் நிறுவனத் தொழில்முனைவை அளவிடுதல். வணிகவியல் படிக்காத உறவினர்களுக்காக ஒரு வரி விளக்கம். சொந்தமாகக் கடை போடுகிறவரின் துணிச்சலைப் பற்றியதல்ல இது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனத்துக்குள் புதிதாக யோசிப்பது, முயன்று பார்ப்பது, அதற்காக ரிஸ்க் எடுப்பது எவ்வளவு நடக்கிறது என்று மதிப்பெண் போடுவது.

நல்ல தலைப்புதான். ஆனால் மூன்று தாளிலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் பட்டியலைப் பார்த்தேன். நிர்வாக இயக்குநர், பொது மேலாளர், கிளை மேலாளர். தோசை மாஸ்டர் இல்லை. சப்ளையர் இல்லை. பார்சல் கட்டுகிறவர் இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கூட இல்லை.

உணவகத்தில் புதுமை எவ்வளவு இருக்கிறது என்று ஏசி அறையில் இருப்பவரைக் கேட்டு முடிவு கட்டுவது அளவை ஆகாது. அது அந்த ஏசி அறை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்ற தகவல் மட்டுமே. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப்போகிறேன். கோபமாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1983இல் டேனி மில்லர் என்ற ஆய்வாளர், ஒரு நிறுவனம் தொழில்முனைவு உள்ளதா என்பதை மூன்று குணங்களில் பார்க்கலாம் என்றார்: புதுமை, ரிஸ்க் எடுப்பது, போட்டியாளருக்கு முன்னால் போவது. அதன்மேல் 1989இல் ஜெஃப்ரி கோவினும் டென்னிஸ் ஸ்லெவினும் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கட்டினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு ஓரம். ஒரு ஓரத்தில் பழகிய பொருளையே விற்கும் நிறுவனம், மறு ஓரத்தில் ஆராய்ச்சியிலும் தொழில்நுட்பத்திலும் முன்னால் நிற்கும் நிறுவனம். நடுவில் 1 முதல் 7 வரை எண்கள். உங்கள் நிறுவனம் எங்கே என்று வட்டமிட வேண்டும். இன்றைக்கு உலகம் முழுக்க இந்தத் துறையில் புழங்கும் தாள்களில் பெரும்பாலானவை இதன் பிள்ளை, பேரன்தான்.

அந்த 1989 ஆய்வில் பதில் சொன்னவை 161 சிறு உற்பத்தி நிறுவனங்கள். கவனியுங்கள், உற்பத்தி நிறுவனங்கள். பதில் எழுதியவர்கள் மூத்த நிர்வாகிகள். அங்கே அது ஓரளவு பொருந்தும். சிறு தொழிற்சாலையில் புதிய இயந்திரம் வாங்குவதா, புதிய பொருளைச் சந்தையில் இறக்குவதா என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் மேலே இருப்பவர்தான். அவரைக் கேட்டால் ஏதோ கொஞ்சம் உண்மை வரும். அதே தாளை எடுத்துக்கொண்டு வந்து மீல்ஸ் போடும் இடத்தில் வைத்தால்?

ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: கடந்த சில ஆண்டுகளில் எத்தனை புதிய பொருட்களை அறிமுகப்படுத்தினீர்கள்? ஒரு ஹோட்டலில் கோபி 65, காளான் 65, பன்னீர் 65, பேபிகார்ன் 65 என்று ஒரே மசாலாவில் நாலு பெயரைச் சேர்த்து, பின்னாலேயே நாற்பது வகை தோசையையும் அச்சடித்துவிட்டால் அந்த ஹோட்டலுக்கு 7க்கு 7. பக்கத்துக் கடை பத்து வருடமாக ஏழே ஐட்டம்தான் போடுகிறது. ஆனால் மாவு புளிக்கும் நேரத்தைப் பருவத்துக்குப் பருவம் மாற்றி, கூட்ட நேரத்தில் பார்சலுக்குத் தனி வரிசை வைத்து, மீந்துபோகும் சாம்பாரைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. அதற்கு 7க்கு 2. இதற்குப் பெயர் அளவையா? மெனு கார்டு அச்சடித்தவருக்குப் போய்ச் சேர வேண்டிய மதிப்பெண் அது.

இன்னொன்று. தொழிற்சாலையில் புதுமைக்கு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கும், அதற்குத் தனியாக ஒரு பட்ஜெட் இருக்கும், காப்புரிமை இருக்கும். எண்ணலாம். உணவகத்தில் புதுமை என்பது மாலை ஆறரை மணிக்கு ஒரு சப்ளையர், மூன்று மேசையின் ஆர்டரை எந்த வரிசையில் உள்ளே சொன்னால் எல்லோருக்கும் சூடாக வரும் என்று கண்டுபிடிப்பது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. அடுத்த நாள் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு அப்படியே செய்வார். கேட்க நாதி கிடையாது.

இதற்கு ஆய்வு மாணவர்கள் தரும் பதில் எனக்குத் தெரியும். "சார், க்ரோன்பாக் ஆல்ஃபா 0.8க்கு மேல வந்திருக்கு, தாள் நம்பகமானது."

என்னிடம் கணக்குப்பதிவியல் படித்தவர்களே, பதினொன்றாம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். இருப்பாய்வு இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று யாராவது எழுதினால் நான் எத்தனை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்? ஒரு நடவடிக்கையை ஏட்டில் எழுதவே இல்லை என்றால் பற்றும் வரவும் இரண்டும் விட்டுப்போகும். இருப்பாய்வு அழகாகச் சமன்படும். அதுதான் முழு விடு பிழை. ஆல்ஃபாவும் அப்படித்தான். கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டும்தான் அது சொல்லும். ஒரே மேலாளர் ஒரே மனநிலையில் ஒன்பது கேள்விக்கும் 6, 6, 7 என்று வட்டமிட்டால் ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்? அடுப்படி மொத்தமாக விட்டுப்போயிருப்பதை எந்த ஆல்ஃபாவும் காட்டிக்கொடுக்காது. போதாக்குறைக்கு, அதே மேலாளரிடமே "உங்கள் நிறுவனத்தின் செயல்பாடு எப்படி?" என்றும் கேட்டு, புதுமைக்கும் லாபத்துக்கும் நல்ல தொடர்பு இருக்கிறது என்று முடிவுரை எழுதுகிறார்கள். விடைத்தாளை எழுதியவரையே திருத்தவும் சொல்வது இது.

சரி, உணவகத் தொழிலில் புதுமை நிஜமாகவே எங்கிருந்து வந்திருக்கிறது? கட்டுக்கதை வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த பெயர்களையே பார்க்கலாம். ஒரே தரம், ஒரே அளவு, ஒரே ருசி என்பதற்குப் பெயர்போன மெக்டொனால்ட்ஸ். அதன் புகழ்பெற்ற பண்டங்கள் பல தலைமையகத்தில் பிறக்கவில்லை. சின்சினாட்டியில் லூ குரோன் என்பவர் ஒரு கிளையை எடுத்து நடத்தினார். சுற்றிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட மாட்டார்கள், அன்றைக்குக் கடை காற்றாடும். அவர் மீன் வைத்த பன் ஒன்றைச் செய்து தலைமையிடம் கொண்டுபோனார். நிறுவனத்தை ஆண்ட ரே கிராக்குக்கு அது பிடிக்கவில்லை. அவரிடம் சொந்த யோசனை ஒன்று இருந்தது: இறைச்சிக்குப் பதில் அன்னாசித் துண்டு. 1962இல் பெரிய வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள். மீன் 350, அன்னாசி 6 என்று அந்தக் கதை சொல்லப்படுகிறது. மீன் பன் இன்றும் பட்டியலில் இருக்கிறது. அன்னாசி பன் கதையில் மட்டும்தான் இருக்கிறது.

இப்போது யோசியுங்கள். 1962இல் நம் கேள்வித்தாளை ரே கிராக்கிடம் கொடுத்திருந்தால்? புதுமைக்கு 7 போட்டிருப்பார். ஏன், அன்னாசி பன் தயாராக இருந்ததே! குரோனின் மீன் அந்தத் தாளில் எங்குமே வந்திருக்காது.

பிக் மேக்கும் அப்படியே. பென்சில்வேனியாவில் கிளைகள் நடத்திய ஜிம் டெலிகாட்டி 1967இல் யூனியன்டவுனில் விற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு நாடு முழுக்கப் போனது. அதற்காக அவருக்கு ராயல்டி எதுவும் வரவில்லை, ஒரு பாராட்டுப் பலகை கிடைத்தது. காலை உணவான எக் மெக்மஃபினும் சாண்டா பார்பராவில் கிளை நடத்திய ஹெர்ப் பீட்டர்சன் செய்ததுதான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, அவசரப்பட்டுத் தாண்டக் கூடாது. இந்த மூவரும் சம்பளக்காரர்கள் அல்ல. சொந்தப் பணத்தைப் போட்டுக் கிளை எடுத்தவர்கள். வெள்ளிக்கிழமை கடை காற்றாடினால் அவர்கள் கை சுடும். யோசனை ஜெயித்தால் அவர்கள் கடை பிழைக்கும். தலைமை வேண்டாமென்றாலும் மல்லுக்கு நிற்க அவர்களுக்குத் தெம்பு இருந்தது. மாதச் சம்பளத்துக்கு நிற்கிற சப்ளையருக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்? ஒன்பது கேள்வியில் ஒன்றுகூட இதைக் கேட்பதில்லை: புதுமை செய்கிறவருக்கு அந்தக் கடையில் என்ன பங்கு?

சம்பளக்காரர் செய்த கதையும் உண்டு. ஸ்டார்பக்ஸில் தெற்கு கலிஃபோர்னியக் கடைகளைக் கவனித்த டினா கேம்பியன், வெயில் காலத்தில் ஜனங்கள் குளிர்ந்த அரைத்த காபியைத் தேடிப் பக்கத்துக் கடைகளுக்குப் போவதைப் பார்த்து, நாமும் செய்யலாம் என்றார். தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸுக்கு அதில் விருப்பமில்லை. அது காபி நிறுவனத்துக்கு ஏற்றதல்ல என்பது அவர் எண்ணம். ஆனாலும் கீழே இருந்தவர்கள் மிக்ஸியை வைத்துக் கடையிலேயே செய்துசெய்து பார்த்தார்கள். ஃபிராப்புச்சினோ 1995இல் எல்லாக் கடைகளுக்கும் வந்தது. 1996 நிதியாண்டில் மட்டும் அதன் விற்பனை 5.2 கோடி டாலர், மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 7 சதவீதம். தான் எதிர்த்ததை ஷுல்ட்ஸ் பிறகு தன் புத்தகத்திலேயே எழுதினார். அந்த நேர்மையை மெச்சுகிறேன். ஆனால் 1993இல் வட்டமிடும் தாள் போயிருந்தால் அவர் மேசைக்குத்தானே போயிருக்கும்?

நம் ஊருக்கு வருவோம். சிக்கன் 65க்கு ஏன் 65 என்று பெயர் வந்தது என்பதற்கு நம்மிடம் பத்து விளக்கம் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் சண்டையே நடக்கும். அதை வாணலியில் முதலில் போட்ட மாஸ்டர் பெயர் என்ன என்று என்றைக்காவது யாராவது கேட்டிருக்கிறோமா?

கேட்காததன் விலையை நான் கண்ணால் பார்த்தேன். என் சொந்தத்தில் ஒரு பையன், கேட்டரிங் படித்துவிட்டுப் பல கிளைகள் உள்ள ஒரு சைவ உணவகத்தில் கேப்டனாக இருந்தான். (ஊரும் பெயரும் வேண்டாம்.) வயதான தம்பதிகள் வந்து ஒரு மீல்ஸை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்பதும், சுவரில் இருக்கும் பலகையைக் காட்டி முடியாது என்று இவன் சொல்வதும், அவர்கள் எழுந்து போவதும் தினமும் நடக்கும். பெரியவர்களுக்கு அரை மீல்ஸ் போட்டால் என்ன என்று இவன் மேலாளரிடம் சொன்னான். ஒரு வாரம் எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று பில் புத்தகத்தின் பின்னால் குறித்தும் காட்டியிருக்கிறான். "உன் வேலையைப் பாருப்பா" என்பது பதில். எட்டு மாதம் கழித்து அரை மீல்ஸ் எல்லாக் கிளைக்கும் வந்தது, தலைமை அலுவலகத்தின் புதிய திட்டமாக. அந்த வருட மதிப்பீட்டில் பையனுக்குப் "புதுமை நாட்டம்" என்ற கட்டத்தில் 5க்கு 2. அந்த எண்ணை வைத்துத்தான் இன்க்ரிமென்ட். அவன் இப்போது அங்கே இல்லை. போகும்போது யாரும் காரணமும் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இது ஏதோ ஆய்வேட்டு விவகாரம் இல்லை. இன்றைக்கு நீங்கள் தயாரிக்கும் தாள் நாளைக்கு ஏதாவது ஒரு மனிதவள அதிகாரியின் எக்செல் கோப்பில் போய் உட்காரும். அதில் வரும் எண் ஒருவரின் சம்பளமாக மாறும்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2002இல் ஹார்ன்ஸ்பி, குராட்கோ, ஜஹ்ரா மூவரும் வெளியிட்ட தாள் இந்தப் பழைய ஒன்பது கேள்வியைவிட எவ்வளவோ மேல். மேலிடத்தின் ஆதரவு, வேலையில் சுயமாக முடிவெடுக்கும் இடம், வெகுமதி, நேரம், நிறுவனத்துக்குள் இருக்கும் எல்லைகள் என்று ஐந்து விஷயங்களை அது பார்க்கிறது. கேட்டது இடைநிலை மேலாளர்களை. ஒரு படி கீழே இறங்கியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு படி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஐந்தில் 'நேரம்' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நம் ஊர் அடுப்படிக்குப் போய்ப் பாருங்கள். காலை டிபனுக்கு விடியுமுன் அடுப்பு மூட்டி, மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்து, ராத்திரி டிபன் முடித்துப் பாத்திரம் கழுவிப் படுக்கிறவருக்குப் புதிதாக யோசிக்க எந்த நேரம் மிச்சம்? வேறு எந்தக் கேள்வியும் தேவையில்லை, இது ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

"எல்லாரும் இஷ்டத்துக்கு மாத்தினா சாம்பார் கிளைக்குக் கிளை மாறிடும் சார்" என்று ஹோட்டல் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு மாணவர் முன்பு ஒருமுறை என்னிடம் வாதாடினார். சாம்பாரை மாற்ற வேண்டாம் தம்பி. சுத்தம், அளவு, ருசி இவற்றுக்குக் கட்டுப்பாடு வேண்டும், யார் மறுத்தார்கள்? ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களைவிடக் கட்டுப்பாடான இடம் உண்டா? அங்கே ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க எந்த ஊழியரும் மேலாளரைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவு செய்யலாம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். நம்மில் பல இடங்களில் ஆறிப்போன காபியை மாற்றிக் கொடுக்க சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அளக்க வேண்டியது. ரூபாயில் அளந்துவிடலாம், 1 முதல் 7 வரை வட்டமே வேண்டாம்.

அப்படியானால் என்னதான் கேட்பது? உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, நடந்ததைக் கேளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் கீழே இருந்து வந்து முயன்று பார்த்த யோசனை எது, சொன்னது யார், சொன்ன நாளுக்கும் அடுப்பில் ஏறிய நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி. கைவிட்டது எது, அந்த நஷ்டம் யார் கணக்கில் எழுதப்பட்டது. உடைந்த தட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் இடத்தில் ரிஸ்க் எடுக்கும் மனப்பான்மை பற்றிக் கேள்வி கேட்பது கேலிக்கூத்து. யோசனை சொன்னவர் இன்னும் அங்கேயே வேலையில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இந்தத் தொழிலில் ஆள் நிற்பதில்லை என்று எல்லா முதலாளிகளும் புலம்புகிறார்கள், போகிறவர் எதைத் தலையில் எடுத்துக்கொண்டு போகிறார் என்று எவரும் எண்ணுவதில்லை. இதே கேள்விகளை மேலாளரிடமும் மாஸ்டரிடமும் சப்ளையரிடமும் தனித்தனியாகக் கேட்டு, பதில்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பாருங்கள். சராசரி போடாதீர்கள். அந்த விலகல்தான் உங்கள் கண்டுபிடிப்பு.

தமிழில் மட்டும் அச்சடித்துக்கொண்டும் போகாதீர்கள். பல அடுப்படிகளில் இன்று ஒடிசா, பீகார், அசாம், வங்கப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களிடம் தமிழ்த் தாளை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டிய ஏதோ கம்பெனிப் படிவம் என்று பயந்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயால் கேளுங்கள், முதலாளி இல்லாத நேரத்தில்.

மெனுவை எண்ணுகிறவர்களுக்கு இன்னொரு உதாரணமும் சொல்லிவிடுகிறேன். காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950களில் மூடத் தொடங்கியபோது வேலை இழந்த தொழிலாளர்கள், ஏ.கே. கோபாலன் முன்னின்று ஊக்கப்படுத்த, கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். 1957இல் பெங்களூரு, 1958இல் திருச்சூர். அதுவரை தட்டு ஏந்தியவர்களே நிர்வாகிகள் ஆனார்கள். அதே தலைப்பாகை, அதே காபி, அதே கட்லெட். கேரளாவில் இன்றும் நடக்கிறது. புதிய பொருள் எத்தனை என்ற கேள்விக்கு அவர்களால் ஒன்றோ இரண்டோதான் வட்டமிட முடியும். நம் நாட்டு உணவகத் தொழிலில் கீழே இருந்து அதைவிடப் பெரிய துணிச்சல் நடந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. அதற்கு 2 போடும் தாளைத் திருத்துவதா, தூக்கிப் போடுவதா என்று உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

தாள் அனுப்பிய மூன்று பேரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பெயரை எங்கும் சொல்லவில்லை. வாக்கியப் பிழைகளைத் திருத்தி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் வரும். "முன்செயல்திறன்" என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டேன். எந்த மாஸ்டருக்கும் அது புரியாது, "மத்தவன் செய்யறதுக்கு முந்தி நாம செஞ்சது" என்று எழுதுங்கள், போதும்.

ஹோட்டல், கேட்டரிங், லாட்ஜ், மருத்துவமனை கேன்டீன் என்று வேலை பார்க்கிற என் மாணவர்கள் இந்தப் பக்கத்திலேயே ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன ஒரு யோசனை என்ன ஆயிற்று என்று கீழே எழுதுங்கள். கடை பெயரும் முதலாளி பெயரும் வேண்டாம். எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்பதை மட்டும் தவறாமல் போடுங்கள்.